குழலும் கூலியும்

1734 அக்டோபர் 5ஆம் தேதி இரவு, லைப்ஸிக் நகரின் சந்தைச் சதுக்கத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் தீவட்டிகளோடு கூடியிருந்தார்கள். சாக்சனியின் ஆட்சியாளர் மூன்றாம் அகஸ்டஸ் போலந்தின் மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு ஓராண்டு நிறைவு. அதற்காக ஜோஹான் செபாஸ்டியன் பாக் அவசரமாக எழுதிக்கொடுத்த இசை திறந்தவெளியில் ஒலித்தது. முதல் ட்ரம்பெட் ஊதியவர் 67 வயதான காட்ஃப்ரீட் ரைஷே. மறுநாள் வீட்டுக்கு நடந்துபோகும் வழியில் தெருவிலேயே விழுந்து இறந்தார். முந்தைய இரவு மூச்சுமுட்ட ஊதியதும் தீவட்டிப் புகையும் சேர்ந்து ஆளை முடித்துவிட்டன என்று அக்கால ஊர்க் குறிப்பேடு ஒன்று எழுதிவைத்திருக்கிறது.

இசை வரலாற்று நூல்களில் ரைஷே மேதையாக வருகிறார். அதில் சந்தேகமில்லை, பாக் அவருக்காக எழுதிய ட்ரம்பெட் பகுதிகளைப் பார்த்தால் இன்றைய கலைஞர்களுக்கும் வியர்க்கிறது. ஆனால் அவருக்குச் சோறு போட்டது நகரசபை உத்தியோகம். நகரமன்றக் கட்டடத்தின் உயரத்திலிருந்து அன்றாடம் ஊத வேண்டும், ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வாசிக்க வேண்டும், கல்யாணத்துக்கும் சாவுக்கும் போக வேண்டும். 1730இல் பாக் நகரசபைக்கு எழுதிய மனுவில் தன் கையிலிருக்கும் ஆட்களைக் கணக்குக் காட்டுகிறார்: நகர ஊதுகாரர்கள் நால்வர், வயலின்காரர்கள் மூவர், பயிற்சியாள் ஒருவன். இவர்களுடைய தரத்தைப் பற்றி உண்மையைச் சொல்ல நாகரிகம் இடம்கொடுக்கவில்லை என்கிற தொனியில் முடிக்கிறார். சம்பளம் போதாது, ஆள் போதாது என்று இசைக்குழு நிர்வாகிகள் இன்றைக்கு எழுதும் கடிதங்களின் முப்பாட்டன் அந்த மனு.

ட்ரம்பெட், ஹார்ன், ட்ராம்போன், டியூபா ஆகிய பித்தளைக் கருவிகளின் கதையைக் கண்டுபிடிப்புகளின் கதையாகச் சொல்வதே வழக்கம். குறையுள்ள கருவி ஒன்று இருந்தது, ஒருவர் வால்வைக் கண்டுபிடித்தார், குறை தீர்ந்தது என்பது போல. கூடவே யார் யாருக்கு எங்கே சம்பளம் கிடைத்தது என்பதையும் வைத்துப் பார்த்தால் படம் மாறிவிடுகிறது. பணம் கொடுத்தவருடைய தேவைக்கேற்பவே குழாய் குறுகியது, அகன்றது, கனத்தது. கருவியின் ஒரு சிரமம் நீங்கியபோதெல்லாம், அந்தச் சிரமத்தையே மூலதனமாக வைத்துப் பிழைத்த ஒரு கூட்டத்தின் பிழைப்பும் கூடவே போயிற்று.

ரைஷே காலத்து ட்ரம்பெட்டில் துளையோ வால்வோ கிடையாது. ஏறத்தாழ 7 அடிக் குழாய், ஒரு முனையில் ஊதும் கிண்ணம், மறுமுனையில் விரிந்த வாய். நம் கொம்புக்கும் எக்காளத்துக்கும் உள்ள அதே இயற்பியல்தான். குழாயின் நீளம் மாறாததால் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் கிடைக்கிற சுரங்கள் மட்டுமே உண்டு. அடியில் ச, ஒரு ஸ்தாயி தள்ளி மறுபடியும் ச, பிறகு ப, மேல் ச, க, ப. இடையில் பெரிய பெரிய பள்ளங்கள். எட்டாவது சுரத்துக்கு மேலே ஏறினால்தான் ச ரி க ம ப என்று அடுத்தடுத்த படிகள் வரும். அங்கும் மத்யமம் சுத்தமாகவும் இராது, பிரதியாகவும் இராது, நடுவில் நிற்கும். உதட்டால் வளைத்து வழிக்குக் கொண்டுவர வேண்டும். ஆக, மெட்டு வாசிக்க வேண்டுமென்றால் அந்த உச்ச ஸ்தாயியில்தான் வாசிக்க வேண்டும். அங்கே மயிரிழை பிசகினாலும் பக்கத்துச் சுரம் விழுந்துவிடும்.

இத்தனை கடினமான திறமை இயல்பாகவே வேலிபோட்டுக் காக்கப்பட்டது. 1623இல் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் ட்ரம்பெட் கலைஞர்களின் சங்கத்துக்குத் தனியுரிமை வழங்கினார். அரசவையிலும் படையிலும் ட்ரம்பெட் ஊதும் உரிமை சங்கத்தாருக்கே. நகர ஊதுகாரர்களும் கோபுரக் காவலர்களும் எங்கே, எப்போது, எப்படி ஊதலாம் என்பதற்கு வரம்புகள் இருந்தன. அவற்றை மீறியதாக மாறி மாறி வழக்குகள் நடந்தன. சங்கத்தில் சேர இரண்டாண்டு குருகுலம், அதன்பின் போர்க்கள அனுபவம். உச்ச ஸ்தாயியை வசப்படுத்தும் நுணுக்கம் வாய்வழியாகவே போனது. சாதித் தொழிலைப் போலத் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கிய குடும்பங்களும் பல.

அந்த வேலிக்குள் பிறந்து, வேலி சரிவதைக் கண்ணால் கண்டவர் ஜோஹான் எர்ன்ஸ்ட் ஆல்டன்பர்க். 1734இல், ரைஷே இறந்த அதே ஆண்டில் பிறந்தார். தந்தை வைசன்ஃபெல்ஸ் அரசவையின் பேர்பெற்ற ட்ரம்பெட் கலைஞர். மகன் முறைப்படி கற்றுத் தேறி வெளியே வந்தபோது அரசவைகளுக்கு ட்ரம்பெட் ஊதுவோர் தேவைப்படவில்லை. ஏழாண்டுப் போரில் படையோடு ஊதிக்கொண்டு அலைந்தார். கடைசியில் பிட்டர்ஃபெல்ட் என்ற சிற்றூர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவராக ஒதுங்கினார். அங்கிருந்தபடி அவர் எழுதிய நூல் 1795இல் வெளிவந்தது. பழைய ட்ரம்பெட் கலையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த நூலிலிருந்து வந்தது. காப்பாற்றி வைத்த ரகசியத்துக்கு விலை இல்லாமல் போன பிறகே அது அச்சேறியது என்பதைக் கவனிக்க வேண்டும். 1810இல் பிரஷ்யாவும் 1831இல் சாக்சனியும் சங்கத்தின் உரிமைகளை ஒழித்துக்கட்டின. அப்போது அவை வெறும் காகித உரிமைகளாகியிருந்தன.

ஹார்ன் வேறு பாதையில் போனது. வேட்டைக் காட்டிலிருந்து அரங்குக்குள் வந்த கருவி அது. 1750ஐ ஒட்டி டிரெஸ்டனில் ஆன்டன் ஹாம்பெல் ஹார்னின் விரிந்த வாய்க்குள் வலக்கையை நுழைத்து, அதை மூடியும் திறந்தும் இயற்கைச் சுரங்களுக்கு இடைப்பட்ட சுரங்களை எடுக்கும் முறையைச் சீர்ப்படுத்தினார். கருவியில் ஒரு திருகுகூடப் புதிதாகச் சேரவில்லை. கைதான் புதிய உறுப்பு. மூடிய சுரம் மங்கலாகவும் திறந்த சுரம் பிரகாசமாகவும் ஒலிக்க, அந்த நிழலும் வெளிச்சமுமே ஹார்னின் அழகாகிவிட்டது. மொஸார்ட் தன் ஹார்ன் கான்செர்ட்டோக்களை எழுதியது இந்தக் கைக்காகத்தான்.

இந்தக் கலைஞர்களின் சமூக நிலை என்ன என்பதற்கு யான் ஸ்டிக் கதை போதும். பொஹீமியாவில் துன் பிரபுவின் பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். பிரபு அவரை வெளியூர்களுக்கு அனுப்பி ஹார்ன் கற்கவைத்தார். அது முதலீடு, மனிதனும் அவன் கலையும் பிரபுவின் சொத்து. 20 வயதில் ஸ்டிக் தப்பி ஓடியபோது, பிடித்து வாருங்கள், முடியாவிட்டால் முன்பற்களையாவது உடைத்துவிடுங்கள் என்று பிரபு ஆட்களை ஏவியதாகச் சொல்லப்படுகிறது. ஊதுபவனுடைய தொழில் எங்கே இருக்கிறது என்று பிரபுவுக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்டிக் எல்லை கடந்து, பெயரை இத்தாலிய மொழிக்கு மாற்றி ஜொவானி புன்டோ ஆனார். 1800இல் வியன்னாவில் பீத்தோவன் அவருக்காக ஒரு சொனாட்டா எழுதி, பியானோவில் தானே உடன் வாசித்தார்.

அதே 1800இல் அதே வியன்னாவில் இன்னொரு சோதனையும் அரங்கேறியது. அரசவை ட்ரம்பெட் கலைஞர் ஆன்டன் வைடிங்கர், குழாயில் துளையிட்டு மூடிகள் பொருத்திய ட்ரம்பெட்டை உருவாக்கியிருந்தார். அதற்காக ஹேடன் 1796இலேயே எழுதிய கான்செர்ட்டோவை மார்ச் 28 அன்று மேடையேற்றினார். கீழ் ஸ்தாயியிலும் மெட்டு வாசிக்கும் ட்ரம்பெட்! அந்தக் கான்செர்ட்டோ இன்று உலகெங்கும் ட்ரம்பெட் மாணவர்களுக்குக் கட்டாயப் பாடம். வைடிங்கரின் கருவியோ சில பத்தாண்டுகளில் மறைந்தது. துளை திறந்ததும் ஒலியின் பளபளப்பு போய்விடுகிறது என்பது ஒரு காரணம். வாங்க ஆளில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வால்வுக்கு வாங்க ஆள் இருந்தது. அந்த ஆள், ராணுவம்.

சைலீசியாவில் பிளெஸ் பிரபுவின் இசைக்குழுவில் ஹார்ன் வாசித்த ஹைன்ரிஷ் ஷ்டோல்ட்ஸெல் 1814இல் பிரஷ்ய மன்னருக்கு எழுதி, தன் கண்டுபிடிப்பு பட்டாளத்து இசைக்கு எவ்வளவு பயன்படும் என்று எடுத்துச் சொன்னார். இதே யோசனைக்கு உரிமை கோரிய ஃப்ரீட்ரிஷ் ப்ளூமெல் ஒரு சுரங்கத் தொழிலாளர் இசைக்குழுவைச் சேர்ந்தவர். இருவருக்கும் சேர்த்து 1818இல் காப்புரிமை கிடைத்தது. வேலை செய்யும் விதம் எளிது. விரலை அழுத்தினால் காற்று சற்றே நீண்ட வழியில் சுற்றிவரும். குழாய் நீண்டால் சுருதி இறங்கும். ஒரு வால்வு முழுச்சுரம் இறக்கும், இன்னொன்று அரைச்சுரம், மூன்றாவது ஒன்றரை. மூன்றையும் சேர்த்தும் பிரித்தும் அழுத்தினால் ஸ்தாயியின் பன்னிரு சுரங்களும் கைக்குள். சேர்த்து அழுத்தும்போது மட்டும் கணக்கு இடிக்கும்: நீண்டுவிட்ட குழாயை அரைச்சுரம் இறக்க இன்னும் நீளம் தேவை, அந்த நீளம் வால்வில் இல்லை, சுருதி தூக்கலாகிவிடும். 200 ஆண்டுகளாகக் கருவிசெய்வோர் இந்தக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறார்கள். ட்ரம்பெட் கலைஞர் வாசித்துக்கொண்டே இடக்கை விரலால் ஒரு சிறு குழாயை வெளியே தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அது இதற்கான ஒட்டுவேலை.

நெப்போலியன் போர்களுக்குப் பின் ஒவ்வொரு அரசும் படைப்பிரிவுதோறும் இசைக்குழு வைத்துக்கொண்டது. கிராமத்து இளைஞனை ஓரிரு ஆண்டில் ஊதவைக்க வேண்டும். அவன் குதிரைமீதும் அணிவகுப்பிலும் ஊத வேண்டும். உச்ச ஸ்தாயியில் பத்தாண்டு தவம் இருக்க அங்கே நேரமில்லை. பிரஷ்யப் படை இசையைச் சீரமைத்த வில்ஹெல்ம் வீப்ரெஷ்ட் 1835இல் கருவிசெய்பவரான மோரிட்ஸோடு சேர்ந்து பாஸ் டியூபாவுக்குக் காப்புரிமை பெற்றார். 1838இல் ரஷ்யப் பேரரசர் பெர்லின் வந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊதுகலைஞர்களை ஒரே மைதானத்தில் நிறுத்தி வாசிக்கவைத்தார். பாரிஸில் 1845இல் கருவிசெய்பவரான அடால்ஃப் சாக்ஸின் புதிய கருவிகளும் பழைய கருவிகளும் கூட்டத்தின் முன் மைதானத்தில் போட்டியிட்டன. சாக்ஸ் வென்றார், பிரெஞ்சு ராணுவத்தின் ஆர்டர் அவருக்குக் கிடைத்தது. பட்டறைகள் தொழிற்சாலைகளாயின. அந்தத் தொழிற்சாலைச் சரக்கின் வழித்தோன்றல்கள்தாம் ஆங்கிலேய ரெஜிமெண்ட் பேண்டுகள் வழியாக வந்து நம் ஊர்க் கல்யாண பேண்டு வாத்தியத்தில் ட்ரம்பெட்டாகவும் யூஃபோனியமாகவும் இன்றும் ஒலிப்பவை.

ஆர்கெஸ்ட்ரா தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது, அதுவும் முணுமுணுத்துக்கொண்டே. பாரிஸ் கன்செர்வட்வாரில் 1833இல் தொடங்கிய வால்வு ஹார்ன் வகுப்பு, அதன் ஆசிரியர் மெய்ஃப்ரே 1864இல் ஓய்வுபெற்றதும் மூடப்பட்டது. வாக்னரின் இசை ஐரோப்பாவை ஆட்டிப்படைத்த காலத்தில் பிரான்ஸின் முதன்மையான இசைப்பள்ளி கையால் மூடித் திறக்கும் ஹார்னையே சொல்லிக்கொடுத்தது. 1865இல் ப்ராம்ஸ் தன் ஹார்ன் ட்ரையோவை வால்வில்லாத ஹார்னுக்கென்றே எழுதினார். அவர் தந்தை அந்தக் கருவியை வாசித்துப் பிழைத்தவர். இதைப் பழைமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. வால்வு வந்ததும் எல்லாச் சுரங்களும் ஒரே பிரகாசத்தில் ஒலித்தன. போன தலைமுறை அழகென்று கொண்டாடிய நிழல் போய்விட்டது.

இரண்டு உலகங்களிலும் கால் வைத்திருந்தவர் ஃப்ரான்ஸ் ஸ்ட்ராஸ். 1822இல் பவேரியாவின் பார்க்ஷ்டைன் கிராமத்தில் பிறந்தார். கோபுரக் காவலரான தாய்மாமன் வீட்டில் வளர்ந்து, பழைய முறைப்படி கைக்குக் கிடைத்த கருவிகளையெல்லாம் கற்றார். 1847இல் மியூனிக் அரசவை ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்து 1889வரை முதல் ஹார்ன் வாசித்தார். வாக்னரின் இசையை அடியோடு வெறுத்தார். வாக்னர் எதிரிலேயே அதைச் சொன்னார். ஆனால் அந்த இசையின் ஹார்ன் பகுதிகளை அவரைப் போல வாசிக்க ஆளில்லை என்று வாக்னரே ஒப்புக்கொண்டார். நாற்பதாண்டு உத்தியோகம், ஓய்வூதியம், மாநிலத்தில் மதிப்பு. புன்டோவின் பற்களுக்கு விலை பேசிய காலத்திலிருந்து ஒரு நூற்றாண்டுக்குள் ஹார்ன் கலைஞர் அரசு ஊழியராகிவிட்டார். அவருடைய மகன் ரிஷார்ட், பிற்காலத்தில் ஹார்ன்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் பகுதிகளை எழுதியவர்.

ஜெர்மனியில் அரசவை சம்பளம் கொடுத்தது. லண்டனில் கொடுக்க யாருமில்லை. அங்கே கலைஞர்கள் அன்றன்றைக்கு வாங்கும் கூலியில் வாழ்ந்தார்கள். ஓர் ஒத்திகைக்கு ஒப்புக்கொண்ட பிறகு வேறிடத்தில் கூடுதல் பணம் கிடைத்தால் அங்கே போய்விட்டு, இங்கே மாற்றாளை அனுப்புவார்கள். ஒத்திகையில் ஒரு முகம், கச்சேரியில் இன்னொரு முகம். 1904இல் குயின்ஸ் ஹால் ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநர் ஹென்றி வுட், இனி மாற்றாள் கூடாது என்று அறிவித்தார். நாற்பதுக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். அவர்கள் அதே ஆண்டு ஜூன் 9 அன்று ஹான்ஸ் ரிஷ்டர் தலைமையில் முதல் கச்சேரி நடத்திய புதிய குழுதான் லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா. முன்னின்று அதை உண்டாக்கிய நால்வரும் பித்தளைக்காரர்கள்: அடால்ஃப் போர்ஸ்டார்ஃப், தாமஸ் பஸ்பி, ஹென்றி வான் டெர் மீர்ஷன் என்ற மூன்று ஹார்ன்காரர்கள், ஜான் சாலமன் என்ற ட்ரம்பெட்காரர். முதலாளி கிடையாது, கலைஞர்களே உரிமையாளர்கள், லாபமும் நட்டமும் அவர்களுக்கே. ஏன் பித்தளைக்காரர்கள்? ஆர்கெஸ்ட்ராவில் அவர்கள் எண்ணிக்கை குறைவு; வயலின்காரரைப் போலக் கூட்டத்தில் மறைய முடியாது; நல்ல ஹார்ன்காரர் நால்வர் ஒற்றுமையாக நின்றால் நகரத்தில் மாற்று கிடைக்காது. இது என் ஊகம்தான், ஆனால் கூலிப் பேரத்தின் தர்க்கத்துக்கு ஒத்துவருகிறது. அந்தச் சுதந்திரத்துக்கும் எல்லை இருந்தது: ஜெர்மனியில் பிறந்த போர்ஸ்டார்ஃப் முதல் உலகப்போரின்போது தான் உண்டாக்கிய குழுவிலிருந்தே வெளியேற வேண்டியதாயிற்று.

பிரிட்டனுக்குப் பித்தளைக்காரர்களை வளர்த்துக் கொடுத்தவை ஆலைகளும் சுரங்கங்களும். யார்க்ஷயரின் குயின்ஸ்பரி ஊரில் ஃபாஸ்டர் குடும்பத்தின் கம்பளி ஆலை 1855இல் ஏற்றெடுத்த பிளாக் டைக் மில்ஸ் பேண்டுக்குக் கருவியும் சீருடையும் ஆலையே தந்தது. ஷிஃப்ட் முடித்த தொழிலாளர்கள் அங்கே கார்னெட் ஊதினார்கள். சாராயக் கடைக்குப் போகாமலிருக்கட்டும் என்பது முதலாளிகளின் கணக்கில் ஒன்று. அந்த பேண்டில் முதன்மை கார்னெட் வாசித்த மாரிஸ் மர்ஃபி பின்னர் லண்டன் சிம்ஃபனியின் முதல் ட்ரம்பெட் ஆனார். 1977இல் அங்கே அவருடைய முதல் வேலை, ஜான் வில்லியம்ஸ் இசையமைத்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ஒலிப்பதிவு. படத்தின் பெயரோடு வெடித்துக் கிளம்பும் ட்ரம்பெட் அவருடையது. 2007வரை அந்த இருக்கையில் இருந்தார்.

சினிமா கொடுத்ததற்கு முன் பறித்தும் இருக்கிறது. மௌனப் படக் காலத்தில் அமெரிக்கா, ஐரோப்பாவின் திரையரங்குகளில் ஆயிரக்கணக்கான கலைஞர்கள் இரவுதோறும் வாசித்தார்கள். பேசும் படம் வந்த 1927க்குப் பிறகு சில ஆண்டுகளில் அந்த வேலைகள் காணாமல் போயின. எஞ்சிய ஆர்கெஸ்ட்ரா இருக்கைகளுக்குப் போட்டி கூடியது.

அமெரிக்காவில் ஆர்கெஸ்ட்ராக்களை நடத்தியவர்கள் செல்வந்தர்கள். பெரிய நகரம், பெரிய அரங்கம், ஆயிரக்கணக்கான இருக்கைகள். பின்வரிசைக்கும் கேட்க வேண்டும். குழாய் அகன்றது. வியன்னா அருகே பிறந்து பொறியியல் படித்து, ட்ரம்பெட் ஊதப் போய், பாஸ்டன் சிம்ஃபனியில் வாசித்த வின்சென்ட் பாக் 1918 முதல் நியூயார்க்கில் முதலில் மவுத்பீஸும் பிறகு ட்ரம்பெட்டும் செய்தார். அச்சுப்பிசகாமல் ஒரே அளவில் கடைந்த மவுத்பீஸ், எண்ணிட்ட பட்டியலிலிருந்து தபாலில் வாங்கலாம் என்பது அதற்கு முன் இல்லாத வசதி. மிஷிகனின் கிராண்ட் ராபிட்ஸில் யார்க் கம்பெனி பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவுக்கென்று 1930களில் செய்த பெரிய டியூபாக்களில் ஒன்றை, கர்ட்டிஸ் பள்ளியில் மாணவராக இருந்த ஆர்னால்டு ஜேக்கப்ஸ் 175 டாலருக்குத் தவணையில் வாங்கினார். அந்த டியூபா பிற்காலத்தில் உலக டியூபாக்களுக்கெல்லாம் அளவுகோலானது. ஜப்பானிய யமஹா நிறுவனம் அதை அங்குலம் அங்குலமாக அளந்து மறுபடி செய்தது.

பிரிட்டனில் அப்போதும் மெல்லிய குழாய்தான். ட்ராம்போன் குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர். அமெரிக்கக் கருவிகளில் அது 13.9 வரை போயிற்று. விட்டத்தில் சிறு வித்தியாசமாகத் தெரிவது, காற்று போகும் பரப்பில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. 1951 எடின்பரோ விழாவுக்கு நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் வந்து வாசித்தபோது பிரிட்டிஷ் கலைஞர்கள் அதிர்ந்து போனார்கள் என்றும், அதன்பின் மெல்லிய கருவிகளைக் கைவிடும் ஓட்டம் வேகமெடுத்தது என்றும் சொல்வார்கள். அதே 1951இல் பிரிட்டிஷ் ஹார்ன் கலைஞர் டென்னிஸ் பிரெயின் தன் பழைய பிரெஞ்சு ஹார்னை வைத்துவிட்டு ஜெர்மன் அலெக்ஸாண்டர் ஹார்னுக்கு மாறினார். அவருடைய தந்தை ஆப்ரி பிரெயின், போர்ஸ்டார்ஃபின் மாணவர். ஜெர்மன் ஹார்னைக் கடைசிவரை ஏற்கவில்லை. மகன் நடைமுறைவாதி, பிசகாத கருவியைத் தேடினார். தவறு வந்தால் ஒலிநாடாவில் நிரந்தரமாக நின்றுவிடுகிற காலம் பிறந்திருந்தது. 1957இல் எடின்பரோவிலிருந்து இரவோடிரவாகக் கார் ஓட்டி வந்து விபத்தில் இறந்தபோது அவருக்கு 36 வயது. ஒரு கச்சேரி முடிந்ததும் அடுத்த வேலைக்கு ஓடும் லண்டன் கலைஞர் வாழ்க்கையை அந்தப் பயணம் சொல்லும்.

நிரந்தரச் சம்பளம் என்பது அமெரிக்காவிலும் அண்மைக்காலத்துப் பொருள்தான். ஆர்கெஸ்ட்ராக்களின் பருவம் ஆண்டில் பாதியோ அதற்குச் சற்று மேலோ. மீதி மாதங்களில் கலைஞர்கள் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், பூங்காக்களில் வாசித்தார்கள், கடைகளில் வேலை பார்த்தார்கள். 1962இல் ஆர்கெஸ்ட்ரா கலைஞர்கள் தங்களுக்கென்று கூட்டமைப்பை உருவாக்கிப் பேரம் பேசத் தொடங்கிய பிறகு, 1964இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் முதன்முதலாக ஆண்டின் 52 வாரங்களுக்கும் சம்பள ஒப்பந்தம் செய்தது.

நல்ல சம்பளம் வந்ததும் இருக்கையை விட்டு யாரும் எழுவதில்லை. அடால்ஃப் ஹெர்செத் சிகாகோ சிம்ஃபனியில் 1948 முதல் 2001 வரை முதல் ட்ரம்பெட். ஆர்னால்டு ஜேக்கப்ஸ் அங்கே 1944 முதல் 1988 வரை டியூபா. இருவரும் சேர்ந்து உண்டாக்கிய ‘சிகாகோ ஒலி’ இசைத்தட்டுகள் வழியாக உலகத்தின் காதுகளை மாற்றியது. ஜேக்கப்ஸின் மூச்சுப் பாடங்கள் உலகெங்கும் கற்பிக்கப்படுகின்றன. இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தால், ஓர் ஆர்கெஸ்ட்ராவுக்கு டியூபா ஒன்றுதான். சிகாகோவில் அந்த இருக்கை 44 ஆண்டுகளில் ஒருமுறைகூடக் காலியாகவில்லை. இசைப்பள்ளிகளோ ஆண்டுதோறும் டியூபா மாணவர்களைத் தேர்ச்சியாக்கி அனுப்பிக்கொண்டிருந்தன.

ஹெர்செத் வேலைக்கு எடுக்கப்பட்ட விதம் இன்று நடக்காது. பாஸ்டனில் மாணவராக இருந்தவரை சிகாகோவின் நடத்துநர் ரோட்ஸின்ஸ்கி நியூயார்க்கில் தன் வீட்டுக்கு அழைத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, நீதான் சிகாகோவின் முதல் ட்ரம்பெட் என்று சொல்லிவிட்டார். இவர் பணியில் சேரும் முன் ரோட்ஸின்ஸ்கியின் பதவி போய்விட்டது. ஆனாலும் ஒப்பந்தம் நின்றது. மேதை கிடைத்ததால் இக்கதையை ரசித்துச் சொல்கிறோம். நடத்துநரின் வரவேற்பறைக்கு அழைப்பே கிடைக்காத பெண்களும் கறுப்பினக் கலைஞர்களும் இக்கதையில் வருவதில்லை. 1941இல் சிகாகோவின் முதல் ஹார்ன் இருக்கையில் ஹெலன் கோட்டாஸ் அமர்ந்தது விதிவிலக்கு. 1973இல் செயின்ட் லூயிஸில் சூசன் ஸ்லாட்டர் வரும்வரை அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ரா எதிலும் முதல் ட்ரம்பெட் வாசித்த பெண் இல்லை.

நடுவர்களுக்கும் வாசிப்பவருக்கும் இடையில் திரை கட்டும் வழக்கத்தை 1952இல் பாஸ்டன் சிம்ஃபனி தொடங்கியது. மற்றவை 1970களில்தான் பரவலாகப் பின்பற்றின. திரை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு மியூனிக்கில் நடந்தது சாட்சி. 1980இல் மியூனிக் ஃபில்ஹார்மோனிக்கின் முதல் ட்ராம்போன் இருக்கைக்கு 33 பேர் வந்தார்கள். போட்டியாளர்களில் ஒருவர் உள்ளூர்க் கலைஞரின் மகன் என்பதால் பாரபட்சம் வராமலிருக்கத் திரை கட்டினார்கள். பதினாறாவதாக வாசித்தவரைக் கேட்டதும் மற்றவர்களை அனுப்பிவிடலாம் என்கிற அளவுக்கு நடுவர்களுக்குத் திருப்தி. உள்ளே வந்தவர் ஆப்பி கோனன்ட் என்ற அமெரிக்கப் பெண். அழைப்புக் கடிதத்தில் ‘திரு கோனன்ட்’ என்று எழுதியிருந்தார்கள். 1982இல் நடத்துநர் செலிபிடாக்கே அவரை இரண்டாவது இருக்கைக்கு இறக்கினார். ட்ராம்போனுக்கு ஆண்தான் வேண்டும் என்பது வாதம். மூச்சு போதாது என்ற குற்றச்சாட்டை மறுக்க அவர் மருத்துவமனைக்குப் போய் நுரையீரல் சோதனை செய்து சான்று பெற வேண்டியிருந்தது. 1988இல் வழக்கில் வென்று இருக்கையைத் திரும்பப் பெற்றார். சக ஆண் கலைஞர்களுக்குச் சமமான ஊதியத்துக்காக 1993வரை மேலும் போராடினார். அதன்பின் பேராசிரியராகப் போய்விட்டார். திரை விலகிய பிறகுதான் அவருடைய தேர்வு உண்மையில் தொடங்கியது.

திரைக்குப் பின்னால் வேறொரு மாற்றமும் நடந்தது. ஆடிஷனில் கேட்பது முழுப் படைப்புகளை அல்ல, துண்டுகளை. ட்ரம்பெட்டுக்கு மாலரின் ஐந்தாம் சிம்ஃபனி தொடக்கம், ட்ராம்போனுக்கு ராவெலின் ‘பொலேரோ’, ஹார்னுக்கு ரிஷார்ட் ஸ்ட்ராஸின் ‘டில் ஆய்லன்ஷ்பீகல்’. உலகத்தில் எங்கே போனாலும் ஏறத்தாழ இதே பட்டியல். சில நிமிடங்களில் பிசகில்லாமல் வாசிப்பவர் அடுத்த சுற்றுக்குப் போகிறார். பிசகாத கருவிக்குத் தேவை எழுந்தது. எந்த ஊர் ஆடிஷனிலும் விநோதமாகத் தெரியாத ஒலிக்கும் தேவை எழுந்தது. பிரெஞ்சு ஹார்னின் நடுங்கும் குழைவு, ஆங்கிலேய ட்ராம்போனின் மெல்லிய கூர்மை, ரஷ்ய ட்ரம்பெட்டின் அதிர்வு எல்லாம் 1950களின் இசைத்தட்டுகளில் தனித்தனியாகக் கேட்கின்றன. இன்று கண்ணை மூடிக்கொண்டு ஊரைச் சொல்வது கடினம். வியன்னா ஃபில்ஹார்மோனிக் மட்டும் 1830இல் லியோபோல்ட் ஊல்மன் செய்த வால்வு வகையைக் கொண்ட ஒற்றை ஹார்னை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. வழுக்கும் கருவி, தவறு அதிகம் விழும் கருவி. அதை வாசிப்போர் பெரும்பாலும் அங்கேயே படித்து அங்கேயே சேர்கிறவர்கள். தொழிற்சந்தை மூடியிருப்பதால் ஒலி பிழைத்திருக்கிறது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் கதவு 1997வரை பெண்களுக்கும் மூடியிருந்தது.

அகன்ற குழாய்க்கு ஒரு விலை உண்டு. அதை ஊதுபவர் மட்டும் கொடுப்பதில்லை. 2012இல் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் வாக்னரின் ‘வால்கிரி’ ஒத்திகை. மேடைக்குக் கீழே குறுகிய பள்ளத்தில் பித்தளைக் கருவிகள் ஒரு வயோலா கலைஞரின் தலைக்குப் பின்னால் நேராக அமர்த்தப்பட்டிருந்தன. ஒலியின் உச்சம் 137 டெசிபலைத் தொட்டது. அவர் காது கெட்டது, தொழிலை விட்டார். இசை என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும், அது விபத்தல்ல, கலையின் இயல்பு என்ற நிறுவனத்தின் வாதத்தை 2018இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. தொழிற்சாலைக்கு உள்ள சட்டம்தான் ஆர்கெஸ்ட்ராவுக்கும் என்றது. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பொறுப்பை உறுதிசெய்தது. வாக்னரின் காலத்துக் கருவிகளோடு ஒப்பிட்டால் இன்றைய பித்தளை வரிசை எவ்வளவு கூடுதலாக ஒலிக்கிறது என்ற கேள்வி, காதுக்கு அடைப்பான் வைத்துக்கொண்டு வாசிக்கும் வயோலாக்காரர்களுக்கு வெறும் வரலாற்றுக் கேள்வி அல்ல.

பழைய கருவிகள் திரும்பியிருக்கின்றன. 1960இல் ஓட்டோ ஷ்டைன்கோஃப் இயற்கை ட்ரம்பெட்டில் சுருதி திருத்தச் சிறு துளைகள் இட்டு, பாக் காலத்து இசையை வாசிக்கத் தோதாக்கினார். எட்வர்ட் டார் அந்தக் கலையையும் ஆல்டன்பர்க்கின் நூலையும் ஒருசேர ஆராய்ந்து புதிய தலைமுறைக்குக் கொடுத்தார். துளையும் ஒரு சமரசம்தான் என்று ஜான்-ஃப்ரான்சுவா மதேஃப் போன்றோர் அதையும் மறுத்துவிட்டு வெறும் உதட்டால் வாசிக்கிறார்கள். 1992இல் லண்டனில் தொடங்கிய நியூ குயின்ஸ் ஹால் ஆர்கெஸ்ட்ரா, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் மெல்லிய ட்ராம்போன்களையும் ஹார்ன்களையும் தேடிப்பிடித்து எல்கரை வாசித்தது. பாட்டன் வீட்டுப் பரணில் கிடந்தவற்றுக்குத் திடீரென்று விலை வந்தது. இப்போது லண்டனில் தனியாகத் தொழில் செய்யும் ட்ரம்பெட் கலைஞரிடம் பி-ஃபிளாட், சி, பிக்கலோ, ரோட்டரி, இயற்கை ட்ரம்பெட் என ஐந்தாறு கருவிகளாவது இருக்க வேண்டும். எல்லாம் சொந்தக் காசு. இப்படிப் பழைய கருவிகளை வாசிக்கும் குழுக்களில் மாதச் சம்பளம் அரிது. கச்சேரிக்குக் கச்சேரி பணம். ஒரே நாளில் இரண்டு இடத்தில் வாய்ப்பு வந்தால், ஓரிடத்துக்கு மாற்றாள் அனுப்புகிறார்கள்.